அரங்கேற்றத்துக்கு எந்த நகை?

இந்த வருஷம் என் வகுப்பில் மூன்று பெண்களுக்கு அரங்கேற்றம். அடவு சுத்தமாகிவிட்டதா என்று எந்த வீட்டிலும் கேட்கவில்லை; நகை எங்கே எடுப்பது என்றுதான் கேட்டார்கள். ஒருத்திக்குத் தோழி போட்ட அதே செட் வேண்டுமாம். இன்னொருத்தியின் அம்மா, "அசலாவே எடுத்துடலாம் டீச்சர், நாளைக்குக் கல்யாணத்துக்கும் ஆகும்" என்றார்.

வாடகை செட், கவரிங் செட், செம்பில் கட்டிய கெம்புக் கல் செட், அசல் என்று சொல்லும் நாகர்கோவில் வடசேரி வெள்ளி செட் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். சலங்கை பூஜைக்கு வாடகை போதும். பசையால் கல் ஒட்டிய கவரிங்கில், வர்ணம் முடிவதற்குள் ஒன்றிரண்டு கல் உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

நான் தடுக்க நினைப்பது வடசேரி முழு செட்டை. வேலையில் குறை சொல்லவே முடியாது. வெள்ளிச் சட்டத்தில் அரக்கு நிரப்பி, கெம்பைப் பதித்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே தங்கத் தகட்டை அழுத்திப் படியவைக்கிறார்கள். எல்லாம் கைவேலை. நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அதை வளரும் குழந்தைக்கு நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம் வரை மொத்தமாக வாங்கக் கூடாது.

எனக்கு அப்படித்தான் வாங்கினார்கள். பதின்மூன்று வயதில், அப்பா சீட்டு எடுத்த பணத்தில். பதினாறு வயதில் ஒட்டியாணம் இடுப்பில் சேரவில்லை, வங்கி கையில் ஏறவில்லை. மொத்தம் நான்கு மேடைதான் கண்டது அந்த செட். வியர்வை ஈரத்தோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டோம். ஈரம் கல்லுக்கு அடியில் இறங்கி, உள்தகடு கறுத்து, சிவப்பே மங்கிப்போனது. அப்பாவின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

தலைக்கும் இடுப்புக்கும் செம்புக் கெம்பு எடுங்கள். நகத்தால் கல்லை நெருடிப் பாருங்கள், அசையக் கூடாது. உலோக விளிம்பு கல்லைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். அசல் வேண்டுமென்றால் முதலில் ஜிமிக்கி மட்டும். காது நகை வயதோடு சிறுத்துப்போகாது. ராக்கொடி அடுத்த வருஷம், அட்டிகை அதற்கும் பிறகு. அரைமண்டி நிலைக்க ஐந்து வருஷம் பொறுத்த பெண்ணுக்கு, நகை ஒவ்வொன்றாகச் சேரும்வரை பொறுக்கத் தெரியும். அவசரம் பெரியவர்களுக்குத்தான். அவளுக்கு அபிநயம் வருகிறதா, ஜதியில் கால் நிற்கிறதா என்று பாருங்கள். தொடர்ந்து ஆடினால் நகை தானே வந்து சேரும்.

எந்த நகையானாலும் தண்ணீர் காட்டாதீர்கள். சென்ட்டும் ஹேர் ஸ்ப்ரேயும் அடித்துக் காய்ந்த பிறகே நகை மாட்ட வேண்டும். ஆடி முடித்த இரவே உலர்ந்த மல்துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டால் அரக்கு இளகிக் கல் நகரும்.

கடைக்குப் பெண்ணையும் கூட்டிப் போங்கள். ஜிமிக்கியை மாட்டி அங்கேயே நாலு அட்டமி செய்யச் சொல்லுங்கள். காது இழுக்கிறது என்று அவள் சொன்னால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.