ஏலக்காய் விலையைத் தேட ஒரு இன்டெக்ஸ்

எங்கள் பொட்டிபுரத்தில் மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் வந்தார். "மாப்ளே, மூணு மூட்டை காய் கையில இருக்கு. இப்பவே ஏலத்துக்குப் போடவா, பொறுக்கவா? முன்னாடி எந்த மாசம் விலை ஏறுச்சுன்னு உன் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு" என்றார்.

போடியிலும் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் விலைகளை ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பல வருட விவரங்களை எக்ஸலில் சேர்த்து வைத்திருந்தேன். அதை எலாஸ்டிக்சர்ச்சில் ஏற்றி, அதிக விலை போன நாளை முதலில் காட்டச் சொன்னேன். வந்த விடை 987 ரூபாய்! மாமா சிரித்துவிட்டார். "2019 ஆகஸ்ட்ல புத்தடியில கிலோ ஏழாயிரம் போச்சே! இதை நம்பி நான் காயை விக்கவா?"

தவறு என்னுடையதுதான். நீங்களும் அதைச் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

எலாஸ்டிக்சர்ச் என்பது என்ன?

ஷே பேனன் என்பவர் 2010-ல் வெளியிட்ட தேடுதல் மென்பொருள் இது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பட்டியல் இருக்குமல்லவா? அதுபோன்ற பட்டியலைத் தயாரித்து வைத்துக்கொண்டு நொடியில் தேடித் தரும். தகவல்களைச் சேர்த்து வைக்கும் இடத்திற்கு இன்டெக்ஸ் என்று பெயர். ஒரு இன்டெக்ஸைப் பல துண்டுகளாக்கிப் பல கம்ப்யூட்டர்களில் பிரித்து வைக்கலாம். ஒவ்வொரு துண்டும் ஒரு ஷார்ட். அதன் நகல் ரெப்ளிகா.

இன்டெக்ஸ் உருவாக்கும் முறை

மென்பொருளையும் அதன் துணையான கிபானாவையும் இன்ஸ்டால் செய்து, கிபானாவில் டெவ் டூல்ஸ் பக்கத்தைத் திறக்கவும். 'புட்' கட்டளையுடன் இன்டெக்ஸின் பெயரைத் தட்டி, கீழே உள்ளவற்றை அதே கட்டளையில் கொடுக்கவும்.

1. ஷார்ட் எண்ணிக்கை: 1 போதும். 2019-ல் வந்த 7-ஆம் பதிப்புக்கு முன் தானாக 5 வரும், இப்போது 1. உருவாக்கிய பின் அதே இன்டெக்ஸில் இதை மாற்ற முடியாது.

2. ரெப்ளிகா எண்ணிக்கை: ஒரே கம்ப்யூட்டர் என்றால் 0 கொடுக்கவும். தானாக வருவது 1. ஷார்டும் அதன் நகலும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்காது என்பதால், வைக்க இடமின்றி இன்டெக்ஸின் நிலை மஞ்சளாகவே நிற்கும். இதைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

3. மேப்பிங்: எந்தத் தகவல் எந்த வகை என்று சொல்லும் பகுதி இது. விலைக்கு எண் வகையான 'இன்டிஜர்' அல்லது, பைசாவும் வருமென்றால், 'ஃப்ளோட்'. ஏலம் நடந்த ஊருக்கு, பெயரைப் பிரிக்காமல் முழுதாக வைக்கும் 'கீவேர்ட்'. தேதிக்கு 'டேட்'. நாம் 14-08-2024 என்று நாளை முதலில் எழுதுகிறோம். அந்த வடிவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அது தேதி என்று புரியாது.

நான் எங்கே தவறினேன்?

மேப்பிங் கொடுக்காமல் நேரே தகவலை ஏற்றிவிட்டேன். எக்ஸலிலிருந்து மாற்றியபோது விலைகள் மேற்கோள் குறிக்குள் போயிருந்தன. எலாஸ்டிக்சர்ச் அவற்றை எழுத்து என்று எடுத்துக்கொண்டது. எழுத்தை அகராதி போல முதல் எழுத்திலிருந்துதான் வரிசைப்படுத்தும். 7-ஐ விட 9 பெரியது; ஆகவே 7000-ஐத் தாண்டி 987 மேலே வந்துவிட்டது.

ஒருமுறை பதிந்த வகையை மாற்ற முடியாது. சரியான மேப்பிங்குடன் வேறு பெயரில் புதிய இன்டெக்ஸ் உருவாக்கி, 'ரீஇன்டெக்ஸ்' கட்டளையால் பழையதிலிருந்து தகவலை மாற்றவேண்டும். விலையில் 7,000 என்று காற்புள்ளி இருந்தால் எண் வகை ஏற்காது, முதலில் நீக்கிவிடுங்கள்.

மறுநாள் சரியான பட்டியலைக் காட்டினேன். 2019 ஆகஸ்ட் முதலில் நின்றது. மாமா தலையாட்டினார். "அதுக்கு முந்தின வருசம் வெள்ளம் வந்து தோட்டமெல்லாம் போச்சு, காய் வரத்தில்ல. அதான் அந்த விலை" என்றார். அந்தக் காரணம் என் இன்டெக்ஸில் இல்லை. ஒரு மூட்டையை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டை வைத்துக்கொண்டார்.

நீங்களும் வீட்டுச் செலவுக் கணக்கை வைத்துச் செய்து பாருங்கள். பத்து வரிகளை மட்டும் முதலில் ஏற்றி, வரிசை சரியா என்று பார்த்த பிறகு மற்றதை ஏற்றுங்கள்.