முலாமுக்கு அடியில் என்ன இருக்கிறது?

இரட்டை முனை பிளேடு மாட்டும் ரேசருக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் புதிதாகத் தொடங்கும் தம்பிகள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "பழசு வாங்கட்டுமா, புதுசு வாங்கட்டுமா?" வயதைப் பார்த்து ரேசர் வாங்க முடியாது. உலோகம் என்ன, தலை பிளேடை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் இரண்டு உலோகங்களைத் தெரிந்துகொள். கிங் கேம்ப் ஜில்லெட் 1903-ல் பாஸ்டனில் விற்கத் தொடங்கிய ரேசர் பித்தளையில் செய்தது, மேலே வெள்ளி முலாம். விலை 5 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஜில்லெட்டின் நல்ல ரேசர்களுக்கு அடிப்படை பித்தளைதான். இன்றைக்கு நடுத்தர விலையில் பலரும் வாங்கும் மெர்க்கூர் 34சி, மியூலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 ஆகியவற்றின் தலை துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே குரோம். ஸாமாக் என்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929-ல் உருவாக்கிய கலவை இது. பெரும்பகுதி துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். இது 400 டிகிரிக்குள் உருகிவிடும். எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் வளைவு, பள்ளம், துளை எல்லாம் ஒரே நொடியில் வந்துவிடும். விலை குறைவதற்குக் காரணம் அதுதான்.

2. அதற்காகத் துத்தநாகத் தலையை இளக்காரமாகப் பேசாதே. நல்ல அச்சிலிருந்து வந்த தலை ஒன்றுபோல் ஒன்று இருக்கும், பிளேடு நேராக உட்காரும், சவரமும் அருமையாக இருக்கும். அதன் பலவீனம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, முலாம். அழகுக்காகப் பூசும் குரோம் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. அதற்கு அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும்தான் உண்மையான காவல். கீழே விழுந்து அந்த அடுக்கு ஓர் இடத்தில் விரிந்தால், ஈரம் உள்ளே போய்த் துத்தநாகத்தை அரிக்கத் தொடங்கும். மேலே முலாம் கொப்புளம் போட்டு எழும்பும். பித்தளைக்கு இந்தக் கதி இல்லை. முலாம் முழுக்கத் தேய்ந்தாலும் கொஞ்சம் களிம்பு படியும், துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

இரண்டாவது, மேல்மூடியின் நடுவில் இறங்கும் திருகுத்தண்டு. அந்த மெல்லிய தண்டையும் துத்தநாகத்திலேயே வார்த்திருப்பார்கள். கைப்பிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிறவர்களிடம் அது ஒருநாள் மரையோடு ஒடிந்துவிடும். விரல் நுனியால் திருகி, பிடித்ததும் நிறுத்து. பிளேடு ஆடாமல் இருக்க அவ்வளவு போதும்.

3. எந்த உலோகம் என்று கண்டுபிடிக்கக் காந்தத்தை எடுக்காதே. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகக் கலவையும் ஒட்டாது. மரைக்குள் பார், மூலைகளைப் பார், முலாம் தேய்ந்த இடத்தைப் பார். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். செம்பு நிறம் மட்டும் தெரிந்தால் அவசரப்பட்டுப் பித்தளை என்று முடிவு கட்டாதே. துத்தநாக வார்ப்பின் மேல் முதல் அடுக்காகச் செம்பு பூசுவது வழக்கம்.

4. பழசு எல்லாமே உறுதி என்று நம்பாதே. இன்றைக்கு நம் கைக்கு வருபவை தப்பிப் பிழைத்தவை. உடைந்தவையும் வளைந்தவையும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. பழசுக்குள்ளும் தரம் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் செம்பும் பித்தளையும் குண்டுகளுக்குப் போனதால் சில ரேசர்களுக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி வந்தது. 1960களின் பிற்பகுதிக்குப் பிறகு மறுபடியும் பிளாஸ்டிக் புகுந்தது. 1971-ல் ஜில்லெட்டே டிராக் 2 என்ற இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்த பிறகு, பழைய வகை ரேசரை உயர்ந்த பொருளில் செய்ய அவர்களுக்கே பெரிய காரணம் இல்லை. பழசில் முதல் ரேசர் வாங்குவதென்றால் நான் கைகாட்டுவது ஜில்லெட்டின் மூன்று ரேசர்கள்: 1930களின் கடைசியில் வந்த டெக், 1947-க்குப் பிறகு வந்த சூப்பர் ஸ்பீடு, 1958 முதல் 1961 வரை செய்த, 1 முதல் 9 வரை வெட்டை மாற்றக்கூடிய ஃபேட்பாய். இவற்றில் டெக் மிக எளிமையானது. மூன்றே துண்டு, கெட்டுப்போக ஒன்றுமில்லை.

5. பழசை வாங்கும்போது நான்கு இடம் பார். குழாய்க் கைப்பிடி என்றால் கழுத்தருகே மயிரிழை விரிசல் இருக்கிறதா? சீப்புப் பல் உள்ள தலை என்றால் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பல் எல்லாம் ஒரே மட்டத்தில் தொடுகிறதா? மேலே இரண்டு கதவு திறக்கும் வகை என்றால், மூடியபின் இரண்டு கதவும் சமமாக உட்காருகின்றனவா? குமிழைத் திருகும்போது நடுவில் சிக்குகிறதா? சிக்கினால் பெரும்பாலும் பழைய சோப்புப் படிவுதான். வெந்நீரில் ஊறவைத்தால் இளகிவிடும். ஆனால் வளைந்த கதவு இளகாது. அதை விட்டுவிட்டு வா.

விற்பவர் சொல்லும் வயதைக் கேட்டுக்கொள், பிறகு தலைக்கு அடியில் பார். அமெரிக்கத் தயாரிப்பான ஃபேட்பாயில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. ஈ-4 என்றால் 1959-ன் கடைசிக் காலாண்டு.

6. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிளேடு வெறும் 0.1 மில்லிமீட்டர் தகடு. அதற்குச் சொந்த விறைப்பு கிடையாது. மேல்மூடியின் வளைவும் அடித்தகடும் சேர்ந்து அதை வளைத்து இறுக்கும்போதுதான் விறைப்பு வருகிறது. வெட்டும் முனைக்கு எவ்வளவு அருகில் அந்தப் பிடி விழுகிறதோ அவ்வளவு அமைதியாக பிளேடு வெட்டும். தள்ளி விழுந்தால் முனை அதிரும், தோல் எரியும். உலோகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் குறையை ஈடுகட்டாது. பிளேடை மாட்டிவிட்டு, தலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்: இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும், விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கழற்றி மறுபடி மாட்டிப் பார். எத்தனை முறை மாட்டினாலும் அதே பக்கம் சாய்ந்தால் அந்தத் தலை வேண்டாம், புதிதானாலும் சரி.

7. எவர்சில்வர் ரேசருக்குக் காசு இருந்தால் தாராளமாக வாங்கு. ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2, ஜெர்மனியின் மியூலே ராக்கா போன்றவை, பழைய பித்தளையைவிட நீண்ட நாள் உழைக்கக் கூடியவை. முலாமை நம்பி இருக்க வேண்டிய அவசியம் அந்த உலோகத்துக்கு இல்லை. ஆனால் எவர்சில்வர் என்ற ஒரே பெயருக்குள் பல வகை உண்டு. 316 வகையில் மாலிப்டினம் இருக்கிறது, உப்பை நன்றாகத் தாங்கும். 303 வகையில் கடைவதற்கு எளிதாக இருக்கக் கந்தகம் சேர்த்திருப்பார்கள், அதன் தாங்கும் சக்தி குறைவு. செய்முறையும் இரண்டு விதம்: கட்டி உலோகத்தை இயந்திரத்தில் கடைந்து எடுப்பது ஒன்று, உலோகத் தூளை அச்சில் வார்த்துச் சூளையில் சுடுவது இன்னொன்று. சுடும்போது துண்டு நன்றாகவே சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சு செய்யத் தெரிந்தவர்களிடம் மட்டுமே அது சரியாக வரும். விற்பவரிடம் வகையையும் செய்முறையையும் கேள். சொல்லத் தயங்கினால் வேறு கடை பார்.

8. கனத்தைத் தரம் என்று நினைக்காதே. துத்தநாகமும் கனம்தான். டைட்டானியம் எவர்சில்வரில் கிட்டத்தட்ட பாதி எடைதான், ஆனால் அரிப்பைத் தாங்குவதில் அதைவிடக் கெட்டி.

9. நம் ஊர்க் குளியலறைக்கு ஒரு எச்சரிக்கை. போர் தண்ணீரில் அலசி அப்படியே வைத்தால் உப்புக்கறை படியும். அதைப் போக்க, வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்க்காதே. எலுமிச்சையும் வினிகரும்கூட வேண்டாம். முலாம் விரிந்த இடத்தில் அமிலம் பட்டால் துத்தநாகத்தைத் தின்றுவிடும். தங்க முலாம் பூசிய பழைய ஜில்லெட்டில் பாலிஷ் பசை போட்டால் தங்கமே துணியோடு வந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், போதும். வாரம் ஒருமுறை மூன்று துண்டையும் கழற்றி அலசி, துடைத்து, தனித்தனியாகக் காயவை. சேர்த்துத் திருகி வைத்தால் மரைக்குள் தண்ணீர் தங்கும். துத்தநாகத் தலை முதலில் வீணாவது அங்கேதான்.

10. முலாம் போன பழைய பித்தளை ரேசரைத் தூக்கி எறியாதே. முலாம் கடையில் பழைய பூச்சை எடுத்துவிட்டு நிக்கலோ குரோமோ புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடு. தலைக்கு அடியிலிருக்கும் பொறிப்பு அழியும்படி பஃப் போடக்கூடாது. முனைகளை மழுங்கடிக்கவும் கூடாது, அடித்தகட்டின் விளிம்பு மாறினால் ரேசரின் வெட்டே மாறிவிடும். துத்தநாகத் தலையை மட்டும் அங்கே கொண்டுபோகாதே. பழைய பூச்சை எடுக்கும் அமிலத் தொட்டியில் அது பிழைக்காது. அந்தத் தலை போய்விட்டால், மரை பொருந்துகிற வேறு தலை வாங்கி, இருக்கிற பித்தளைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்.