லோன் ஆப்புக்கு உங்க கான்டாக்ட் லிஸ்ட் எதுக்கு?

மாசக் கடைசியில அவசரமா 10,000 ரூபாய் வேணும்னு லோன் ஆப் இன்ஸ்டால் பண்றீங்களா? வட்டிக்கு முன்னாடி பெர்மிஷனைப் பாருங்க.

சாஃப்ட்வேர் டெவலப்பர்கள் சொல்ற அடிப்படை விதி: ஒரு ஆப் தன் வேலைக்குத் தேவையானதை மட்டும்தான் கேட்கணும். கடன் கொடுக்க கான்டாக்ட் லிஸ்ட் எதுக்கு? தவணை தவறினா உங்க மேனேஜருக்கும் மாமனாருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தத்தான்! 'அலவ்' கொடுத்ததுமே லிஸ்ட் அவங்க சர்வருக்குப் போயிடலாம். அப்புறம் ஆப்பை டெலீட் பண்ணியும் பயனில்லை.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, வங்கி, என்பிஎஃப்சி கடன் ஆப்கள் கான்டாக்ட், கால் லாக், போட்டோ எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றை கேஒய்சிக்காக மட்டும், உங்க சம்மதத்தோட, ஒருமுறை கேட்கலாம்.

மீறிக் கேட்டா மறுத்துடுங்க. விடாம அடம்பிடிச்சா அன்இன்ஸ்டால் பண்ணிட்டு, ஆபீஸ்ல சம்பள அட்வான்ஸ் கேட்டுப் பாருங்க.