ஆய்வுக் கட்டுரை முன்னுரையும் பாயிர மரபும்

முன்னுரை

சங்க இலக்கிய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் முன்னுரை, அவ்விலக்கியத்தின் தொன்மையையும் பெருமையையும் கூறுவதோடு அமைந்துவிடுகிறது. ஆய்வு வினா புலப்படுவதில்லை. இக்குறையைக் களையப் பாயிர மரபு துணைசெய்வதை இக்கட்டுரை விளக்குகிறது.

பாயிரக் கூறுகள்

சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டியனவாக நன்னூல் எட்டினைச் சுட்டுகிறது. அவற்றுள் நுதலிய பொருள், வழி, எல்லை, பயன் ஆகிய நான்கும் இன்றைய முன்னுரைக்கும் இன்றியமையாதவை. வழி என்பது நூல் வந்த நெறியையும், எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பையும் குறிப்பன. ஆய்வுக் கட்டுரையில் இவை முறையே முன்னாய்வுகளின் தொடர்ச்சி, தரவு வரையறை எனப் பொருள் விரிவு பெறும்.

திட்டமிடல்

குறுந்தொகையில் செவிலி கூற்றை ஆராயும் கட்டுரையைச் சான்றாகக் கொள்ளலாம். 401 பாடல்களுள் செவிலி கூற்றாக அமைந்தவையே அதன் எல்லை. பாடல்களோடு வழங்கும் கூற்றுக் குறிப்புகள் பிற்காலத்தவை என்பது ஆய்வாளர் பலர் கருத்து. ஆகவே அக்குறிப்பின்படியா, பாடலின் அகச்சான்றின்படியா பாடல்கள் தெரிவு செய்யப்பட்டன என்பதை முன்னுரையே அறிவித்தல் வேண்டும். இன்றேல் முடிவுகள் அனைத்தும் ஐயத்திற்கு இடமாகும்.

எழுதும் முறை

தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் தந்தவர் நூலாசிரியர் அல்லர், பனம்பாரனார். முற்றிய நூலைப் பிறர் நோக்கில் அறிமுகப்படுத்துவதே அம்மரபு. ஆய்வாளரும் முன்னுரையைத் தொடக்கத்தில் வரைவாக அமைத்து, கட்டுரை முற்றியபின் பிறர் நோக்கில் படித்துத் திருத்துதல் தகும்.

முடிவுரை

முன்னுரை எழுப்பும் வினாவும் முடிவுரை தரும் விடையும் பொருந்துதல் வேண்டும். பொருந்தாவிடத்துத் திருத்தம் பெற வேண்டியது பெரும்பாலும் முன்னுரையே. ஆய்வின் போக்கில் வினா கூர்மை பெறுவது இயல்பு.