கால் முளைத்த கல்

மாமல்லபுரம் கரையில் வலையை உதறியபோது, கால் முளைத்த கல் மாதிரி ஒரு மீன் விழுந்தது. பவளப்பாறை மீன் என்கிறான் நண்பன். நம் பக்கம் ஏது பவளப்பாறை? தொட்டால் விஷமா?
– வாசகர், செங்கல்பட்டு

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தவளை மீன். அதற்கு விஷமுள் கிடையாது. ஆனால் முதுகு முள்ளில் கொடிய விஷம் வைத்திருக்கும் கல்மீனும் கிட்டத்தட்ட இதே வேஷத்தில்தான் திரியும். எனவே கையை நீட்டுமுன் மூக்குக்கு மேலே பாருங்கள். மெல்லிய தூண்டில் கோலும் அதன் நுனியில் பஞ்சுக் குஞ்சம் போல ஒன்றும் இருந்தால் தவளை மீன். செவுள் திறப்பும் கால் போன்ற துடுப்பை ஒட்டிச் சின்னத் துளையாகத்தான் தெரியும். சந்தேகமென்றால் வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

நண்பர் சொல்வது பாதி சரி. இந்தக் குடும்பத்தில் பலதும் பவளப்பாறைவாசிகள். நம் மாநிலத்தில் பவளத்துக்குப் பேர்போனது மன்னார் வளைகுடா. ஆனால் இந்த மீனுக்கு வேண்டியது பவளமல்ல, ஒளிய ஓர் இடம். கடற்பஞ்சு ஒட்டிய பாறை போதும். ஹிஸ்பிடஸ் என்ற இனம் சேற்றுத் தரையிலும் குடியிருக்கும். 1801-ல் அதற்குப் பெயர் வைத்ததே நம் சோழமண்டலக் கரை மீனைக் கொண்டுதான்.

கல்லாக நடித்துவிட்டுத் தூண்டிலை ஆட்டினால் குட்டு வெளிப்படாதா என்று கேட்கலாம். ஆடுவது இரை போலத் தெரியும் குஞ்சம் மட்டுமே, உடம்பு அசையாது. துரத்திப் பிடிக்க வக்கில்லாத சோம்பேறிக்கு அதுதான் பிழைப்பு. கிட்டே வந்த மீனை உறிஞ்ச நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. தன் நீளமுள்ள மீனையும் விழுங்கிவிடும்!