நாலு லேயர் பிசிபி: வீட்டில செய்ய ஏலுமா?

இந்த வாரம் எபிசோடில கதைச்சதை இங்க படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. போல் ஐஸ்லர் 1936இல் வியன்னாவை விட்டு லண்டன் வந்த யூதப் பொறியியலாளர். ஹாம்ஸ்டெட்டில் தங்கியிருந்த வாடகை அறையிலேயே, வயர்களுக்குப் பதிலாகச் செப்புக் கோடுகளை வைத்து ஒரு வானொலி செய்தார். ஆகவே ஹவுன்ஸ்லோ ஃபிளாட்டில் பிசிபி செய்வது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை!

இரண்டு லேயர் சுகம். செப்புத் தகட்டில் டிசைனைப் பதித்து, வேண்டாத செப்பை ஃபெரிக் குளோரைட்டில் கரைக்கலாம். துளைக்குள்ள மெல்லிய வயரை விட்டு, இரண்டு பக்கமும் சால்டர் பண்ணினால் லேயர்கள் இணைந்துவிடும்.

நாலு லேயரில் அந்தத் துளைதான் வில்லன். உள் லேயரின் செப்பு, துளைச் சுவரில் 0.035 மி.மீ. தடிப்பான வளையமாக மட்டுமே தெரியும். சால்டரிங் அயன் அங்க எட்டாது. சுவர் முழுக்கச் செப்பு ஏற்ற வேண்டும்.

1. இரண்டு மெல்லிய இருபக்கத் தகடுகளில், உள்ளே வரும் பக்கங்களை மட்டும் அரித்தெடுங்கள்.

2. நடுவில் பிசின் தோய்ந்த கண்ணாடியிழைத் துணி வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுங்கள். 0.6 மி.மீ. பேடில் 0.3 மி.மீ. துளை போட்டால் சுற்றிவர மிஞ்சுவது 0.15. தகடு 0.1 விலகினால் ஒரு பக்கம் 0.05தான்!

3. துளையிட்டு, சுவரில் கிராஃபைட் மை பூசுங்கள். மின்சாரம் பாயாத சுவரில் செப்பு படியாது.

4. காப்பர் சல்பேட்டும் சல்பூரிக் ஆசிட்டும் கலந்த கரைசலில் மின்முலாம் பூசுங்கள். சதுர டெசிமீட்டருக்கு 2 ஆம்பியர் என்றால், 0.025 மி.மீ. ஏற ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

5. துளைகளை மூடிக்கொண்டு வெளி லேயர்களை அரியுங்கள்.

நாலாவது படியில் கவனம். பிரிட்டனில் 15 சதவீதத்துக்கு மேற்பட்ட சல்பூரிக் ஆசிட்டை வாங்கவும் வைத்திருக்கவும் ஹோம் ஆபிஸ் லைசென்ஸ் வேண்டும். கார் பேட்டரி ஆசிட்டும் அந்த அளவைத் தாண்டியதுதான். ‘சும்மா ஒரு போத்தல்’ என்று வாங்கி வைக்காதீங்க.

எங்கட ஆலோசனை: இரண்டு லேயரை வீட்டில செய்யுங்க, ஒரு பக்கம் முழுக்க கிரவுண்டாக விடுங்க. நாலு லேயரை ஃபேக்டரிக்கு அனுப்புங்க. துளையைச் சுற்றி ஏன் இடம் விட வேண்டும் என்று இப்ப விளங்கும்; டிசைன் திரும்பி வராது.

பாவித்த ஃபெரிக் குளோரைட்டைச் சிங்கில் ஊத்தாதீங்க. கவுன்சிலிடம் கேட்டு ஒப்படையுங்க.