புகைச் சோதனையும் மாற்றிய சைலன்சரும்

(வினா விடைப் பாடம்)

மோட்டார் சைக்கிள் வாங்கிய சில மாதங்களிலேயே கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, அதிரும் ஓசைக்காக வேறொன்றை மாட்டுவது நம் இளைஞர் பலரிடம் வழக்கமாகிவிட்டது. ஓராண்டு கழிந்து புகைச் சான்றிதழ் வாங்கும் நாள் வந்ததும் கலக்கம் உண்டாகிறது. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பிரயோசனமாக இப்பாடத்தை வரைகிறோம்.

1. புகைச் சோதனையில் அளக்கப்படுவது யாது?

பெட்ரோல் வண்டியை நின்ற நிலையில் ஓடவிட்டு, புகைக்குழாய்க்குள் கருவியின் முனையைச் செலுத்தி, கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்யப்பட்ட இருசக்கர வண்டியில் முன்னது நூற்றுக்கு 0.5 பங்கையும், பின்னது பத்து லட்சத்தில் 500 பங்கையும் மிஞ்சலாகாது.

2. சைலன்சர் மாறினால் புகை ஏன் மாறுகிறது?

சைலன்சர் ஓசையை அடக்க மட்டுமே ஏற்பட்டது என்று அநேகர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இக்காலத்து வண்டிகளில் சைலன்சருக்குள்ளோ, எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாயிலோ கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். சூடான அத்துளைகள் வழியே புகை செல்லும்போது, அதிலுள்ள நச்சு வாயுக்களில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகிறது. சைலன்சரோடு இவ்வுறுப்பும் போய்விட்டால், நச்சு அப்படியே வெளியே வரும்.

3. எல்லா மாற்றமும் தோல்வியில் முடியுமா?

இல்லை. கன்வர்ட்டர் வளைகுழாயில் இருந்து, அதற்குப் பின்னுள்ள பகுதி மட்டும் மாற்றப்பட்டிருந்தால் புகை அதிகம் மாறாது. ஆனால் இணைப்புகளில் கசிவு இருக்கலாகாது. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று புகுந்தால், பெட்ரோல் குறைவென்று அது தவறாக அறிவிக்கும், எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும், நச்சும் மிகும்.

4. சோதனையில் தேற வழி என்ன?

முதலாவது, கன்வர்ட்டர் எங்கே இருக்கிறதென்று விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டறியுங்கள். அது போயிருந்தால் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டுங்கள். இரண்டாவது, கேஸ்கெட், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைச் சரிபாருங்கள். மூன்றாவது, குளிர்ந்த வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். கன்வர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரி சூடேறினால்தான் நன்கு வேலை செய்யும். ஆகையால் கால் மணி நேரம் ஓட்டிவிட்டுச் செல்லுங்கள்.

5. சோதனைக்கு மட்டும் பழையதை மாட்டி, பிறகு கழற்றிவிட்டால் என்ன?

சான்றிதழ் கிடைக்கும், காற்று சுத்தமாகாது. சோதனை சில நிமிஷம், சவாரியோ ஆண்டு முழுவதும். கார்பன் மோனாக்சைடு நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். சிக்னலில் நம் பின்னால், தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கு நம் சான்றிதழால் என்ன பயன்?

மேலும், இச்சோதனை ஓசையை அளப்பதில்லை. காற்று மாசுக்கும் இரைச்சலுக்கும் உரிய விதிகளை மீறினால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சான்றிதழ் கையில் இருப்பது இதற்குத் தடையாகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மகன் கழற்றிப் போட்ட சைலன்சரைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். அதைத் துடைத்துப் பத்திரமாக வையுங்கள். அவனுக்குப் புத்தி தெளியும் நாளில் அது வேண்டியிருக்கும்.